பட்டாவில் இல்லாத மாட்டுக் கொட்டாய்

கிராமத்தில் குடியிருக்கிறோம் என்றதும் நகரத்துத் தோழிகள் கேட்கிற முதல் கேள்வி, "பாம்பு வருமா?" என்பதுதான். வரும். சாரை மாதம் ஒன்றாவது கண்ணில் படும். மழைக்காலத்தில் நல்ல பாம்பும் ஒருமுறை வந்துவிட்டுப் போகும். அடுத்த கேள்விகள் குரங்கைப் பற்றியும் மயிலைப் பற்றியும் கிணற்று நீச்சலைப் பற்றியும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் எங்கள் வீட்டில் பதில் சொல்பவர் என் கணவர். நன்றாகவே சொல்வார். அரிசி டிரம்முக்குப் பின்னால் சாரை சுருண்டு படுத்திருந்ததையும், கோலால் தூக்கி வெளியே விடப் போனபோது அது நழுவி அவர் காலடியிலேயே விழுந்ததையும், துள்ளி ஓடியதில் வேட்டி கதவு ஆணியில் மாட்டிக்கொண்டதையும் அவர் சொல்லும்போது, ஏற்கெனவே இருபது முறை கேட்ட நானும் சிரித்துவிடுகிறேன்.

கதை அந்த ஆணியோடு முடிந்துவிடும். பாம்பு போன பிறகு நடந்தது கதையில் வராது. பாம்பு வந்தது எலிக்காக. எலி வந்தது, விதைக்கென்று கட்டி வைத்திருந்த மல்லாட்டை மூட்டைக்காக. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஆகவே அந்த அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஏழு மூட்டைகளையும் வெளியே இழுத்து, எலி கடித்தவற்றைப் பிரித்துக் கொட்டி, சொத்தையையும் எலிப் புழுக்கையையும் புடைத்து நீக்கி, மறுபடி வெயிலில் காயவைத்து, கிழிந்த கோணிகளைத் தைத்து, சுவரோரத்துப் பொந்துகளில் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் வைத்து அடைத்து, தரையைக் கழுவி, காய்ந்த பிறகு மூட்டைகளைத் திரும்ப அடுக்கினோம். மூன்று நாள் ஆயிற்று. அத்தையும் நானும் மகளும் செய்தோம். அந்த மூன்று நாளில் யாரும் துள்ளி ஓடவில்லை. எந்த வேட்டியும் கிழியவில்லை. யாரிடமும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கிராமத்து வாழ்க்கையின் சாகசம் என்று சொல்லப்படுவது, பெரும்பாலும் ஒரு வேலையின் முதல் பத்து நிமிடம். மிச்ச மூன்று நாளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அந்த மூன்று நாளைச் செய்து முடிப்பவர்களின் பெயர் நிலத்தின் எந்தத் தாளிலும் இல்லாமல் போவது பற்றியும்.

2020இல் ஊரடங்கின்போது, வேலூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு கணவரின் ஊருக்கு வந்தோம். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை கண்ணுக்குத் தெரிகிற ஊர். மாமா 2011இல் இறந்தபின் அத்தை அங்கே தனியாக இருந்தார். இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட், ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு, ஓட்டு வீடு. கணவருக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. எனக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் கல்லூரி. மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது, மகனுக்கு ஒன்பது.

எல்லோருக்கும் நல்லெண்ணம் இருந்தது. இயற்கை வேளாண்மை பற்றிக் கணவர் நிறையப் படித்திருந்தார். நம்மாழ்வாரின் பேச்சுகளைக் கேட்டபடியே வரப்பு வெட்டுவார். கிணற்று மோட்டார் புகைந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வெளியே இழுத்து, வண்டியில் கட்டிக்கொண்டு போய்ச் சுருள் கட்டி வருவார். சோம்பேறி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ஆனால் ஆறேழு மாதத்தில் எல்லோரையும்விட முதலில் களைத்துப் போனது நானும் அத்தையும்தான். ஏன் என்று எங்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சொன்னவள் மகள். தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு வாரம் முழுக்க, வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதி வந்தாள். பிறகு அவற்றை இரண்டு தலைப்பாகப் பிரித்தாள்: 'தினமும்', 'எப்போதாவது'. சாணி வாருவது, கொட்டாயைக் கழுவுவது, பால் கறப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, புல் அறுப்பது, வாசல் தெளிப்பது, மூன்று வேளைச் சமையல், பாத்திரம், துணி எல்லாம் 'தினமும்'. டிராக்டர் பிடிப்பது, மோட்டார் பழுது, வேலி கட்டுவது, மருந்து தெளிப்பது, எரு வண்டி பேசுவது 'எப்போதாவது'. முதல் தாளில் ஆயாவின் பெயரும் என் பெயரும் அவள் பெயரும். இரண்டாவதில் அப்பாவின் பெயர். எப்போதாவது வருவதற்குத்தான் தொடக்கமும் முடிவும் உண்டு. அதனால்தான் அதைக் கதையாகச் சொல்ல முடிகிறது.

தாள்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். கணவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் சாணிக் கூடை அவர் கையில் இருந்தது. மாலைப் புல்லை மகன் எடுத்துக்கொண்டான். நடுவில் விட்டுப்போன நாள்கள் உண்டு. அப்போதெல்லாம் கதவில் புதுத் தாள் ஏறும். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

இதைப் பார்த்த பிறகு வகுப்பில் குறிஞ்சிப்பாட்டு நடத்துவது எனக்கு வேறு மாதிரி ஆயிற்று. கபிலர் பாடிய பத்துப்பாட்டு நூல்களில் ஒன்று அது. தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கப் போகிறார்கள். பரண்மேல் ஏறி, தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளிகளை ஓட்டுகிறார்கள். பிறகு அருவியில் ஆடி, மலர் பறித்துக் குவிக்கிறார்கள். அந்த 99 மலர்களின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வது தமிழ் வகுப்புகளின் மரபு. நானும் மாணவியாக இருந்தபோது ஒப்பித்திருக்கிறேன். கிளி ஓட்டும் மூன்று கருவிகளின் பெயரை யாரும் ஒப்பிக்கச் சொன்னதில்லை. விளைந்த கதிரைக் காப்பாற்றிக் குடும்பத்துக்குச் சோறு கிடைக்கச் செய்த வேலை, காதலுக்கான பின்னணியாகவே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், எங்க கொல்லையில வெதச்ச மல்லாட்டைய மயில் பொறுக்கிடுதுன்னு ஒரு வாரம் தட்டு தட்டினு நான்தான் நின்னேன். ஒரு தலைவனும் வரலை." வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்த பிறகு இன்னும் எத்தனை பேர் அப்படி நின்றவர்கள் என்று கேட்டேன். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. வருகைப் பதிவேட்டில் அந்த வாரத்தில் அவர்களுக்கு 'வரவில்லை' என்று இருந்திருக்கும்.

எங்கள் நிலத்துக்குக் கிழக்கே ஒரு வரப்பு தாண்டினால் வேறொரு குடும்பத்தின் நிலம். அதில் மூன்றில் ஒரு பங்கைப் பயிர் செய்பவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் 2017இல் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. மாமனார் காலத்திலேயே நிலத்தை மூன்று மகன்களுக்கும் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். தாளில் எதுவும் மாறவில்லை. பட்டா, எப்போதோ இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருந்தது.

அக்காவின் சாகசம் ராத்திரியில் நடக்கும். விவசாயக் கிணறுகளுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். சில வாரம் பகலில், சில வாரம் நடுராத்திரியில். வரும் நேரத்தில் மோட்டாரைப் போடாவிட்டால் அன்றைய தண்ணீர் போயிற்று. கணவர் இருந்தவரை அவர் போவார். அவருக்குப் பிறகு இரண்டாவது மகளைத் துணைக்கு எழுப்பிக்கொண்டு, டார்ச்சும் கோலுமாக அக்கா போனார். கட்டுவிரியனுக்குப் பயப்படவில்லை என்பார். "பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவாங்க. ஊர்ல பேசினா எங்க தூக்கினு போறது?" ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் கொல்லைக்குப் போய் வருவதை ஊர் வேறு கணக்கில் எழுதிவைத்துக்கொண்டது. அதே நேரத்தில் அதே வரப்பில் போன ஆண்களைப் பற்றி அப்படி எதுவும் எழுதப்படவில்லை.

இப்போது செல்போனில் கூப்பிட்டால் மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் பெட்டி வந்துவிட்டது. பெட்டிக்குள் பதிந்து வைத்த எண்ணிலிருந்து அழைத்தால்தான் மோட்டார் ஓடும். எங்கள் பகுதியில் அதைப் பொருத்திய பல வீடுகளில் பதிந்திருப்பது வீட்டு ஆணின் எண் மட்டுமே. அவர் வெளியூர் போயிருந்தால், கொல்லையில் நிற்கும் மனைவி அவரை அழைத்து, அவர் மோட்டாரை அழைக்க வேண்டும். அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பெட்டி வாங்கினார். பொருத்த வந்த பையன் வழக்கம்போல, "யார் நம்பர் போடணும்?" என்று கேட்டான். "என் நம்பரு போடு. அடுத்து என் பொண்ணு நம்பரு." அன்று ராத்திரி பாயில் படுத்தபடியே மோட்டாரைப் போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு தண்ணீர்ச் சத்தம் கேட்டதாக அவர் சொன்னதைவிட நல்ல கிராமத்துக் கதை ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்த செய்தியை எல்லோரும் அறிவோம். எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. ஏரி கோடி போய், தாழ்ந்த கழனிகளில் தண்ணீர் நின்றது. அக்காவின் நெல் பால் பிடிக்கும் பருவத்தில் படுத்து அழுகியது. அரசு நிவாரணம் அறிவித்தது. கணக்கெடுத்தார்கள். நிவாரணத்துக்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். அக்காவிடம் வங்கிக் கணக்கு மட்டும் இருந்தது. மூன்று பாகத்துக்கும் சேர்த்துப் பணம் மூத்த கொழுந்தனாரின் கணக்குக்குப் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. தானாகவே வந்து ஒரு தொகையைக் கையில் கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்தபடி அக்கா என்னிடம் சொன்னார்: "ஏம்மா, என் நெல்லு அழுகுனதுக்கு அவரு எனக்குப் பணம் குடுக்கிறாரு பாரு."

அந்த வாக்கியம்தான் எங்களை அலுவலகப் படி ஏற வைத்தது. மாமனாரின் இறப்புச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, இருவருக்கும் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, மூன்று பாகத்துக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம், அதன்பின் நில அளவரை வைத்து உட்பிரிவு, கடைசியில் தனிப் பட்டா. ஒவ்வொன்றும் முந்தையதைக் கேட்கும். காலையில் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு அக்கா பேருந்து ஏறுவார். சாயங்காலக் கறவைக்குள் திரும்ப வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவர் மொத்தம் பதினோரு முறை போய்வந்தார். "டிக்கெட்டு எடுக்கணும்னா நாலாவது வாட்டியே விட்டிருப்பேன்" என்றார். இலவசப் பயணத்தைக் கேலி பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓர் இடத்தில் ஒருவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?" அக்கா, "இருந்தா நான் ஏன் சார் வரேன்?" என்றார். அவர் சிரித்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர், தொழில் என்ற இடத்தில் கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டு 'விவசாயி' என்று எழுதச் சொன்னேன். தமிழில் விவசாயி என்ற சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆனால் அதைக் கேட்டதும் மனத்தில் வரும் உருவத்துக்கு மீசை இருக்கிறது. பள்ளு இலக்கியத்துக்கே உழத்திப்பாட்டு என்று இன்னொரு பெயர் வைத்திருக்கும் மொழியில் இந்த நிலைமை.

மூத்த கொழுந்தனார் கையெழுத்துப் போடத் தயங்கினார். "ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. கட்டிக் குடுத்தா வேற வீட்டுக்குப் போறதுங்க. நெலம் வெளியாள் கைக்குப் போயிடும்." இதற்குச் சட்டத்தின் பதில் எப்போதோ வந்துவிட்டது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே, இறந்தவரின் மனைவியும் மகளும் மகனோடு சேர்ந்து முதல் வகுப்பு வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான மகள்களை அந்தத் திருத்தம் வெளியே நிறுத்திவிட்டது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தந்தை 2005க்கு முன்பே இறந்திருந்தால் என்ன என்ற குழப்பத்தையும், 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: மகளுக்கு உரிமை பிறப்பால் வருகிறது, தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929இல். தீர்மானம் சட்டமாக அறுபது வருடம் ஆயிற்று. சட்டம் எங்கள் வரப்புவரை வந்து சேர இன்னும் எத்தனை வருடம் என்பதுதான் கேள்வி.

2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பெயரில் நடக்கும் பண்ணைகள் சுமார் 14 விழுக்காடு. களையெடுக்கவும் நாற்று நடவும் மல்லாட்டை ஆயவும் ஒரு கொல்லைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கொல்லையில் பெண்கள் எத்தனை விழுக்காடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'எ ஃபீல்டு ஆஃப் ஒன்ஸ் ஓன்' என்ற 1994ஆம் ஆண்டு நூலில் பொருளியலாளர் பினா அகர்வால் இந்த இடைவெளியைத்தான் விரித்து எழுதினார். சட்டத்தில் உரிமை இருப்பது ஒன்று, நிலம் உண்மையில் பெயருக்கு வருவது இன்னொன்று, அந்த நிலத்தில் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடிவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து வருவது அரிது.

அக்காவின் விஷயத்தை முடித்து வைத்தது சட்டப் புத்தகம் அல்ல, அவருடைய ஓரகத்தி. இளைய கொழுந்தனாரின் மனைவி. செத்தவர் பெயரில் பட்டா இருக்கும்வரை தங்களுக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வராது, வருடம் ஆறாயிரம் ரூபாய் உழவர் உதவித்தொகையும் வராது என்று அவர் கணக்குப் போட்டார். இரண்டு பெண்களும் சேர்ந்து மூத்தவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். மூத்தவரின் மனைவி காபி போட்டுக்கொண்டு வந்து, கணவரைப் பார்த்து, "போட்டுத்தான் குடேன்" என்றாராம். பத்து மாத அலைச்சலுக்குப் பிறகு, சென்ற ஐப்பசியில் அக்காவின் பெயரிலும் மகள்கள் பெயரிலும் உட்பிரிவுப் பட்டா வந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டுப் பட்டா இரும்புப் பெட்டிக்குள் மாமா பெயரிலேயே இருந்தது. அதைக் கணவர் பெயருக்கு மாற்றலாம் என்று பேச்சு எழுந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் எளிது: கூடப் பிறந்த பெண்கள் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு பட்டுப் புடவை, ஒரு விருந்து. எனக்கு இரண்டு நாத்தனார்கள். பெரியவர் போனில், "தம்பிக்கே எழுதிக் குடுத்துடறேன். எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருந்தா போதும்" என்றார். நிலம் கேட்கிற பெண்ணுக்குப் பிறந்த வீடு இருக்காது என்பது அந்த வாக்கியத்துக்குள் இருந்தது. அது அவராகச் சேர்த்தது அல்ல. தலைமுறை தலைமுறையாக வருவது.

"ரெண்டும் இருந்தா என்ன?" என்று கணவரிடம் கேட்டேன். நாங்கள் மரம் வைத்து, மாடு கட்டி, மயிலையும் மழையையும் ரசித்து வாழ்கிற இந்த வாழ்க்கை, இரண்டு பெண்கள் கேட்காமல் விட்டுக்கொடுப்பதன்மேல் நிற்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. அவருக்குக் கோபம் வந்தது. வந்து பாடுபடுவது நாம்தானே, உரத்துக்கும் கூலிக்கும் போக நிலத்தில் என்ன மிஞ்சுகிறது, நாளைக்கு மச்சான்மார் விற்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்று நாள் எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. நான்காம் நாள் அவரே அக்காக்கள் இருவரையும் வரச் சொன்னார். பயிர் செய்கிறவருக்குச் செலவும் உழைப்புக்கூலியும் போக, மிச்சத்தில் பங்கு. ஒருவர் விற்க நினைத்தால் மற்றவர்களிடம் முதலில் கேட்பது. மாட்டுப் பணம் அத்தைக்கு மட்டும். இவ்வளவுதான் ஒப்பந்தம். விடுதலைப் பத்திரம் எழுதப்படவில்லை. அத்தை, இரண்டு நாத்தனார்கள், கணவர் என்று நான்கு பெயரில் கூட்டுப் பட்டாவுக்கு மனுக் கொடுத்தோம்.

பட்டா வந்த அன்று மகள் அதை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினாள். எழுபத்திரண்டு வயது அத்தை தன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். முதலில் இருந்தது. மறுபடி வாசிக்கச் சொன்னார். புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், தீர்வை என்று அவள் வாசித்து முடித்ததும், "இதுல மாட்டுக் கொட்டாய் எங்க இருக்குது?" என்று கேட்டார். கொட்டாயெல்லாம் பட்டாவில் வராது ஆயா என்றாள் மகள். அத்தை கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருடம் அவர் குனிந்து நிமிர்ந்த இடம் அது. "அது வராதா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாயங்காலக் கறவைக்கு எழுந்து போனார்.

பட்டாவில் வராதது இன்னும் இருக்கிறது. எங்கள் கொல்லையில் களையெடுக்க வருகிற பெண்கள் காலனியிலிருந்து வருகிறார்கள். அவர்களில் மூத்தவரை நான் அக்கா என்கிறேன். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இரண்டு வீட்டிலும் பட்டா மாறிய சேதியைக் கேட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி அவர் சொன்னார்: "உங்களுக்குத் தாள்ல பேருதான் இல்லாம இருந்துது. எங்களுக்கு மண்ணே இல்லியே." செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்துதான் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவை பெருமளவு மற்றவர் கைக்குப் போனதும், அவற்றை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994இல் செங்கல்பட்டில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டதும் நம் காலத்து வரலாறு. கிராமத்துக்குத் திரும்புதல் என்று பெருமையாகச் சொல்ல, திரும்பி வர ஒரு நிலம் இருக்க வேண்டும். அந்த அக்காவின் மகள் படித்து முடித்ததும் ஊரைவிட்டுப் போகத்தான் விரும்புகிறாள். அவளுக்கு ஊர் என்பது, அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு தெரு.

எங்கள் ஊரில் ஒரு நாளைக்குப் பெண்ணுக்கு முந்நூறு ரூபாய் கூலி, ஆணுக்கு அறுநூறு. சென்ற வருடம் களையெடுப்புக்கு நாங்கள் நானூறு கொடுத்தோம். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர்களில் கிழக்குக் கொல்லை அக்காவும் ஒருவர். "உனக்குச் சம்பளம் வருது, நீ குடுப்ப. நான் எங்க போறது?" என்று கேட்டார். இரண்டு வாரம் அவர் என்னிடம் பேசவில்லை. அவருடைய கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கூலியையும் குறைக்கவில்லை. இரண்டு அக்காக்களுக்கும் நடுவே இருக்கிற அந்த வரப்பை எந்த நில அளவரும் வந்து அளக்கப் போவதில்லை.

இந்தப் பொங்கலுக்கு நாத்தனார்கள் வந்தார்கள். ஆடியில் விதைத்த மல்லாட்டை, காட்டுப்பன்றி தின்றது போக, சுமாராக வந்திருந்தது. முன்பெல்லாம் தம்பி ஒரு மூட்டை கட்டி வைத்திருப்பார். பெரிய நாத்தனார் அதைச் சீராக வாங்கிக்கொண்டு, கண் கலங்கி, ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்வார். இந்த முறை திண்ணையில் உட்கார்ந்து கணவரின் செலவு நோட்டைக் கையில் வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஜிப்சம் எத்தனை மூட்டை, எதற்கு இரண்டு முறை டிராக்டர், வேலிக்கு இவ்வளவா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் விரலால் ஓர் இடத்தைத் தட்டினார்.

"இன்னாடா இது, ஆயறதுக்குக் கூலி இவ்ளோ போட்டுக்கிற? அம்மாவும் இவளும் நாலு நாள் ஆய்ஞ்சாங்களே, அது இதுல இருக்குதா?"

இல்லை என்று கணவர் ஒப்புக்கொண்டார். "அப்ப அதையும் எழுது" என்றார் நாத்தனார். பேனாவை நான் எடுத்துக் கொடுத்தேன்.